உள்ளிழுத்த ஆம்

நானூறு கட்டங்கள். ஒவ்வொன்றும் ஓர் ஊர்.
ஒவ்வோர் ஊருக்கும் ஐந்து எண்கள்:
கதவைத் தட்டுவார்களா, தட்டாமலே நுழைவார்களா,
மழையைப் பற்றிய பேச்சு காப்பிக்கு முன்பா பின்பா,
இப்படி.
பக்கத்து ஊரோடு ஓர் எண்ணாவது ஒத்திருந்தால் பேசு,
பேசினால் அங்கிருந்து இன்னொன்றை எடுத்துக்கொள்.
எதுவும் ஒக்கவில்லையென்றால்
வாயைத் திறக்காதே.
விதி அவ்வளவுதான்.

தோர்ஷவ்னில் பிப்ரவரி.
மழை பக்கவாட்டில் பெய்கிறது.
முதல் நாள் திரை துணிக்கடைபோல் இருந்தது,
இருபதாயிரமாவது சுற்றில் நாலைந்து நிறம்.
தீவுகளுக்கு நடுவே கடலடிச் சுரங்கம் தோண்டினேன்,
கட்டத்துக்கு ஒரு கைபேசி கொடுத்தேன்.
விடிவதற்குள் எல்லாம் நீலம்,

இருநூற்றுப் பதினேழைத் தவிர.
அது சிவப்பாகவே கிடந்தது.
பிடிவாதமெல்லாம் இல்லை,
அதனிடம் யாரோடும் பொதுவாய் ஓர் எண் இல்லை.
த்ரோந்துர் அதற்கு என் பெயரை வைத்தான்.

எங்கள் பேச்சில் ஓர் ஆம் உண்டு,
காற்றை வெளியே விடாமல்
உள்ளே இழுத்துச் சொல்வது.
புதிதாய் வந்தவர்கள்
நெஞ்சுவலியோ என்று பதறுவார்கள்.

ரோவெலினுக்குப் பகலில் சால்மன் ஆலை,
இரவு பத்தரைக்கு எங்கள் தரை.
நேற்று என் மேசைக்கடியில் துடைத்தபடி
செபு தீவிலிருக்கும் தம்பியோடு
வீடியோவில் பேசிக்கொண்டிருந்தாள்.
ஒரு சொல்லும் புரியவில்லை எனக்கு,
கூரைத் தகரமோ, கடனோ.
நடுவே மூச்சை உள்ளிழுத்தாள். ஆம்.
அங்கே விடிந்து சேவல் கூவ,
எங்கள் மழையில் ஒரு துளி நனையாத அந்தப் பையனும்
உள்ளிழுத்தான். ஆம்.

எப்போது ஒட்டிக்கொண்டது என்று கேட்டேன்.
"எனக்குத் தெரியாமலே.
அவன் என்னைக் கேலி செய்யத்தான் ஆரம்பித்தான்,
இப்போது அவனால் விட முடியவில்லை"
என்று வாளியைத் தள்ளிக்கொண்டு போனாள்.

கேலிக்கு என்னிடம் எண் இல்லை.

விதியின் கீழே ஒரு வரி சேர்த்தேன்:
எதுவுமே ஒக்காவிட்டாலும்
ஆயிரத்தில் ஒருமுறை,
சும்மா பகடிக்கு, காப்பியடி.

காலையில் திரை அடங்கவில்லை.
மதியமும்.
இருநூற்றுப் பதினேழின் ஓரத்தில் ஏதோ பச்சை,
அதற்குப் பக்கத்தில் நான் கொடுக்காத ஒரு மஞ்சள்.
"இது எங்கேயும் போய் நிற்காது,
எந்த இதழும் வாங்காது" என்றான் த்ரோந்துர்.

கோப்பையைக் கீழே வைத்து
மூச்சை உள்ளே இழுத்தேன்.