பெட்டியின் பக்கவாட்டில்

வெய் ஷியாங் முறுக்கைச் சாப்ஸ்டிக்கால் தின்கிறான்.
எண்ணெய் விரல் அட்டையில் பட்டால் நட்பு முறியும்:
புக்கிட் பாத்தோக் பன்னிரண்டாம் மாடியில்
எழுதப்படாத விதி இது ஒன்றுதான்.

எழுதப்பட்டவை முப்பத்திரண்டு பக்கம்.
ரூபதர்ஷினி உரக்க வாசிக்கிறாள்.
பதினேழாம் பக்கத்து ‘அல்லது’வில்
இருபது நிமிடம் மாட்டிக்கொள்கிறோம்.
அல்லது என்றால் இரண்டில் ஒன்று.
இல்லை, இரண்டும் என்றாலும் தப்பில்லை லா.
ஹைக்கல் பேசாமல் எழுந்துபோய்
மைலோ கலக்குகிறான்.

முதல் சனிக்கிழமை என்னைக் கேட்டார்கள்,
இதுவரை என்ன ஆடியிருக்கிறாய்?
கேரம் என்றேன்.
அதிலும் பவுடர் தூவுவது மட்டும்.
சிரிக்கவில்லை.
எக்ஸ்ரே பார்த்த மருத்துவர்கள் மாதிரி
ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.
‘இவளுக்கு ஏலம் வேண்டாம்.’
‘பேரம்?’
‘முகத்தில் எல்லாம் தெரிகிறதே.’
‘அந்தப் பாசி ஆட்டத்தை எடு.’

ஈரப் பாறையில் பாசி வளர்த்தேன் அன்றிரவு
தொண்ணூறு நிமிடம்.
கடைசி ரயில் போனது தெரியவில்லை.

பாசிர் பாஞ்சாங்கில் எனக்கு வேலை
கப்பலுக்குள் பெட்டி அடுக்குவது, திரையில்.
கனமானது கீழே,
முதலில் இறங்குவது மேலே.
இது தெரிந்ததும் ஹைக்கல்
துறைமுக ஆட்டம் ஒன்றைத் தூக்கி வந்தான்.
நகக்கண் அளவு கண்டெய்னர்கள், ஐந்து நிறம்.
‘உனக்கென்றே செய்தது.’
கடைசியாக வந்தேன், நாற்பது புள்ளி பின்னால்.
அலுவலகத்தில் யாருக்கும் சொல்லவில்லை.

போன மாதம்
அட்டைகளைப் பிரித்து அடுக்கும்போது கேட்டேன்:
வீட்டில் இருவர் ஆட, ஏதாவது?

கேட்டிருக்கக் கூடாது.
அலமாரி முழுக்கத் தரைக்கு வந்தது.
‘அது முதுகில் குத்தும் ஆட்டம், வேண்டவே வேண்டாம்.’
‘இதற்கு விதி புரியவே ஒரு வாரம்.’
‘இதோ, இதைக் கொடு.
அவரவர் தோட்டம் அவரவருக்கு,
ஒரே மேசை, சண்டையே வராது,
எதிரில் இருப்பவர் என்ன செய்கிறார் என்று
நிமிர்ந்துகூடப் பார்க்க வேண்டாம்.’

அது வீட்டில் ஏற்கெனவே இருக்கிறது, என்றேன்.

மின்விசிறிச் சத்தம் கேட்டது கொஞ்ச நேரம்.

பிறகு வெய் ஷியாங் சாப்ஸ்டிக்கைக் கீழே வைத்தான்.
அடியிலிருந்து ஒரு சின்னப் பெட்டியை உருவினான்.
மூலை நசுங்கியது.
கலங்கரை விளக்கம், இரண்டு படகு, மூடுபனி.
இருவரும் ஒரே கட்சி.
‘பேசக் கூடாது என்பதுதான் விதி.
அட்டையை வைக்கிற விதத்திலேயே சொல்ல வேண்டும்.
பேசிவிட்டால் தோல்வி.’
பக்கவாட்டில் அச்சடித்திருந்தது:
இருவர், முப்பது நிமிடம்.
‘திருப்பித் தர அவசரமில்லை’ என்றான்.

சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு
இரவு வேலைக்குப் போனேன்.
அமலனிடம் ஒன்றும் சொல்லவில்லை,
அவர் ஒன்றும் கேட்கவில்லை.
அதற்குப் பின் ஒன்பது நாள்
தண்ணீர்ப் பில்லுக்கும் சோயா சாஸுக்கும் நடுவில்
அந்தப் படகுகள் நின்றன.

பத்தாம் நாள் காலை ஏழரை.
ஷூவைக் கழற்றாமல் நின்று பார்க்கிறேன்.
மூடி திறந்திருக்கிறது.
நூற்றுப் பத்து அட்டைகளுக்கும்
தனித்தனியாக மெல்லிய பிளாஸ்டிக் உறை.
ஓரம் சுருங்காமல், காற்றுக் குமிழி இல்லாமல்.
ஒன்று மட்டும் தலைகீழாய் நுழைந்திருக்கிறது.
பக்கத்தில்
பிராஸ் பசாவில் வாங்கிய ரசீது,
ஆறாம் பக்கத்தில் அடையாளமாக.

இந்தச் சனிக்கிழமை கேட்டார்கள்,
எப்படி இருந்தது?

இன்னும் ஆடவில்லை, என்றேன்.
பலகையை விரித்தாகிவிட்டது.
யார் முதலில் என்பதுதான்.

‘அதற்கு விதி இருக்கிறதே’ என்று
ரூபதர்ஷினி புத்தகத்துக்குக் கை நீட்டினாள்.
வெய் ஷியாங் அவள் மணிக்கட்டைச்
சாப்ஸ்டிக்கால் மெல்லத் தட்டினான்.