பறிமுதல்

வேதாளைக் கரையில் மூன்று சாக்கு பிடித்தோம்.
எண்ணி எழுதுவது என் வேலை.
கடல் அட்டை, உயிருடன், நூற்றுப் பன்னிரண்டு.
சாக்கை அவிழ்த்ததும் பயத்தில் சில
தம் குடலைத் தாமே வெளியே தள்ளின,
வெள்ளை நூல் நூலாக.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

எனக்கும் இருந்ததில்லை.
என் உடம்பே என் குடலை
வேற்றாள் என்று நினைத்து அடித்தது ஏழு வருஷம்.
க்ரோன் நோய் என்றார்கள் மதுரையில்.
ரோந்துப் படகில் கழிப்பறை கிடையாது.
மனோலித் தீவு வந்ததும்
நம்புக்குமார் எஞ்சினைத் தணித்துவிட்டு
அந்தப் பக்கம் திரும்பிப் பீடி பற்றவைப்பான்.
அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.
ஸ்டீராய்டில் முகம் ஊதியபோது மட்டும் சொன்னான்:
"பேத்தை மீனு மாதிரி ஆயிட்டீக சார்."

பிறகு ஆசனவாய் ஓரம் ஒரு துளை.
யாரும் வெட்டாத வாய்க்கால்,
வற்றாமல் சீழ்.
அருள்சீலியின் பழஞ்சேலையைக் கிழித்து
காக்கிக்குள் மடித்து வைத்துக்கொண்டு
ரேஞ்சருக்கு சல்யூட் அடித்திருக்கிறேன்.

டாக்டர் மெஹர்பானு சுற்றி வளைக்கவில்லை.
"யாரோ ஒருத்தர் வயிற்றுக் கொழுப்பில் எடுத்து
வளர்த்த ஸ்டெம் செல்.
துளையைச் சுற்றி ஊசியில் போடுவோம்.
புதுக் குடல் முளைக்கும்னு நினைக்காதீங்க.
சண்டையை நிறுத்தச் சொல்லும், அவ்வளவுதான்.
கேட்டா உண்டு.
இது ஆய்வு.
பாதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணி.
யாருக்கு எதுன்னு எனக்கும் தெரியாது."

உப்புத் தண்ணியா!
அதற்கா மண்டபத்திலிருந்து பஸ் ஏறி வந்தேன்?
சிரித்தேன். அவரும் சிரித்தார்.
பதினோரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டேன்.

பெட்டியைத் திறந்தபோது
ஐஸ் பிளான்ட் கதவில் வருமே, அந்தப் புகை.
இடுப்புக்குக் கீழே மரத்துக் கிடந்தேன்.
உள்ளே போனது
முகம் தெரியாத ஒருவரின் கொழுப்போ,
என் வீட்டு வாசல் வரை வந்து போகிற தண்ணீரோ.

மூன்றாம் மாதம் துணி ஈரமில்லை.
அருள்சீலி நம்பவில்லை,
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.
துளை முழுதாக மூடியதா என்று
அடுத்த ஸ்கேன்தான் சொல்லவேண்டும்.
எது போட்டார்கள் என்று
ஆய்வு முடிந்தால்தான் சொல்வார்களாம்.
உப்பாக இருந்தால்?
இருக்கட்டுமே.

மறுநாள் கோர்ட்டு உத்தரவோடு
அட்டைகளைக் கடலில் விடப் போனோம்.
செத்தது இருபத்தொன்று.
குடல் இல்லாதவற்றைத் தனியே எண்ணி
படிவத்தின் ஓரத்தில் பென்சிலில் எழுதினேன்: பதினான்கு.
"இதுக பொழைக்குமா சார்?"
"சிலது திரும்ப வளத்துக்கும்பாக.
எத்தனைன்னு யாரு முங்கிப் பாத்தா?"

கச்சான் லேசாக எழும்பியது.
மனோலி வந்ததும் வழக்கம்போல
எஞ்சினைத் தணித்து, பீடிக்கட்டைத் தேடினான்.
வேணாம், போ என்றேன்.