எழுநூறு கிராம்

காலமை ஆறரைக்கு
நீத்துப்பெட்டியில் ஆவி எழும்பும்போதே
ஹெல்மெட்டைக் கொழுவிக்கொண்டு வெளிக்கிட்டுவிடுவேன்.
"ரெண்டு வாய் புட்டு" என்பார் குகதாசன்.
"கிளினிக்கில பாத்துக்கொள்ளுறன்" என்பேன்.
கிளினிக்கில் இருப்பவை
ஒரு தொங்கு தராசு, இரண்டு வாங்கு,
திரிபோஷாப் பெட்டிகள்,
நேற்றைய தண்ணிப் போத்தல்.

ஸ்காபரோவிலிருந்து தங்கச்சி வதனி
வாட்ஸ்அப்பில் சொன்னது இதுதான்:
இரவு எட்டுக்குப் பூட்டு.
அடுத்தநாள் மத்தியானம் திற.
பதினாறு மணித்தியாலம்
வயிற்றைக் கடைபோலச் சாத்தி வை.
தான் ஒன்பது கிலோ குறைந்தாளாம்.
படமும் அனுப்பினாள்.
பின்னால் பனி கொட்டிக் கிடந்தது.

நீர்வேலியில் எட்டரைக்கே செம்மண் சுடும்.
சந்தையில் வாழைக்குலை நிறுக்கிற சத்தம்
யன்னல் வழியே வரும்.
"பதினெட்டரை!" என்று யாரோ கத்த
என் கையில் நாலு கிலோ எண்ணூறு
காலுதைத்து அழும்.
அங்கே நிறை என்றால் காசு.
இங்கே ஒரு தாயின் முகம்.
குறையவேணும் என்று நேர்ந்துகொண்டு நிற்பவள்
இந்த வட்டாரத்திலேயே நான் ஒருத்திதான்.

வருகிற எல்லாரிடமும்
முதற் கேள்வி ஒன்றுதான்:
"காலமை சாப்பிட்டனீங்களோ?"
ஏழு வருசமாய்க் கேட்கிறேன்.
இப்போது கேட்கும்போதெல்லாம்
என் வயிறு முந்திக்கொண்டு பதில் சொல்கிறது.
கதிரையைக் கரகரவென்று இழுத்து
அதை மறைப்பேன்.

பத்தரைக்கு விரல்களுக்குள் எறும்பு ஊரும்.
நிரோஜினியின் மகளுக்கு
தையில் வைக்கவேண்டிய புள்ளியை
மாசியில் வைத்து அழித்தேன்.
பதினொன்றுக்கு நாலு பிஸ்கற்.
அது கணக்கில் இல்லை.
பன்னிரண்டரைக்குச் சோறு,
விட்டதையும் சேர்த்து.
பின்னேரம் உரும்பிராய்ச் சந்தியில் ஒரு ரோல்ஸ்,
காலமை சாப்பிடவில்லைத்தானே.
இன்னொன்று,
முதலாவது சின்னன்தானே.

ஐந்து வாரம் கழித்து
கதவைச் சாத்தி, செருப்பைக் கழற்றி,
தாலிக்கொடியையும் கழற்றி மேசையில் வைத்து
தாய்மாரின் தராசில் ஏறினேன்.
எழுபத்திரண்டு
எழுபத்தொன்று முந்நூறு ஆகியிருந்தது.

எழுநூறு கிராம் எவ்வளவு என்று
எனக்குத் தெரியாவிட்டாலும் என் கைக்குத் தெரியும்.
சுகிர்தமலரின் மகன் அக்சயன்
போன மாதம் ஏறியிருக்க வேண்டியது அது.
ஏறவில்லை.
அட்டையில் அவனுடைய கோடு
களைத்துப் படுத்துவிட்டது.

என்னுடையது எங்கே போனது?
வேர்வையாய் இராசபாதையிலா,
மூச்சாய் வெயிலிலா?
ஒரு ஊசியில் உறிஞ்சி
உவனுக்குள் விட வழியிருந்தால்
பதினாறென்ன,
இருபது மணித்தியாலமும் பூட்டிக் கிடப்பேன்.

"சாப்பிட்டனீங்களோ?"
"இல்லை மிஸ். அவரை அனுப்பி,
மூத்தவளைப் பள்ளிக்கூடத்தில விட்டிட்டு வர
பஸ் வந்திட்டுது."
"இரவு?"
"ஏழரைக்கு. பாண்."
விரல் மடித்துப் பார்த்தேன்.
பதினாலு மணித்தியாலம் தாண்டிவிட்டது.
அவளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க
கனடாவிலிருந்து ஒருவரும் தேவைப்படவில்லை.

பிறகு அவள் கேட்டாள்:
"நீங்கள் மிஸ்?"

"ஓம்" என்றேன்.
"இல்லை" என்றது வயிறு,
வாங்கில் இருந்த ஐந்து தாய்மாருக்கும் கேட்க.

சிரித்தார்கள். அக்சயன் திடுக்கிட்டு
அழுகையைப் பாதியில் விட்டான்.
யாரோ ஒருத்தி பையைத் துழாவி
இரண்டு கதலிப் பழம் எடுத்தாள்.
ஒன்றை அவளிடம் தந்தாள்,
ஒன்றை என்னிடம்.

மணி ஒன்பது ஐம்பது.
பூட்டுத் திறக்க இன்னும் இரண்டு மணித்தியாலம் இருந்தது.
வதனி கேட்டால்
என்ன எழுதுவேன் என்று தெரியவில்லை.

தோலை எங்கே போடுவதென்று பார்த்தபடி
இரண்டு பேரும் நின்றோம்,
வாய் நிறைய,
ஒன்றும் கதைக்க முடியாமல்.
யன்னலுக்கு வெளியே யாரோ
"இருபத்தொன்று!" என்று கத்தினார்கள்.