பெட்டி நாற்பத்தொன்று

பெட்டியைத் திறந்ததும் முதலில் வருவது துரு.
காகிதங்களைச் சேர்த்துக் குத்திய குண்டூசிகள்
நூறு குளிர்காலம் உட்கார்ந்த இடத்தில்
பழுப்பாய் ஒரு கோட்டை விட்டுவிட்டு
விரலுக்கு வரும்போதே ஒடிகின்றன.
குண்டூசிக்குக் காது இல்லை.
நான் திட்டுவது அதற்குக் கேட்காது.

ஹெலினா நகரம். மாநில ஆவணக் காப்பகம். நிலவறை.
ஊசியைப் பிடுங்கி, மடிப்பை நீவி,
எண் போட்டு உறையில் இடுவது என் உத்தியோகம்.
படிக்கக் கூடாதென்று விதியில்லை.
படித்தால் வேலை நகராது, அவ்வளவுதான்.

மொன்டானா அரசு, ஓநாய் கொன்றவர்களுக்குத் தந்த
சன்மானச் சீட்டுகள்.
"மேற்படி விலங்கை, மேற்படி மாவட்டத்துக்குள்,
மேற்படி தேதியில் நானே கொன்றேன்."
கீழே கையெழுத்து.
எழுதத் தெரியாதவருக்குப் பெருக்கல் குறி.

கணக்குப்பிள்ளை பெயர் லெமுவல் ஸ்ட்ராண்ட்.
ஏழுக்குக் குறுக்கே கோடு போடுகிற ஆள்.
தோல் வந்தால் இரண்டு காதிலும் ஓட்டை போடுவார்.
அதே தோலை அடுத்த மாவட்டத்தில் காட்டி
எவனும் மறுபடி பணம் வாங்கிவிடக் கூடாதே.
அரசாங்கத்துக்கு யாரும் காது குத்தாமலிருக்க
அரசாங்கம் ஓநாய்க்குக் காது குத்தியது.
மாமன் மடி இல்லை. அழுகை இல்லை.
மேசைமேல் ரத்தம் உறைந்த தோல்,
வெளியே வண்டியில் இன்னும் நாலு.

சீட்டுகள் வரவர மெலிகின்றன.
ஒரு வருடத்துக்கு மூன்றே தாள்.
அடுத்த வருடத்துக்கு
பென்சிலால் போட்ட வெறுங்கோடுகள்.

ஒடெட் லாரோக் செவ்வாய்க்கிழமைகளில் வருகிறாள்,
பூட்ஸில் பனியோடு.
ஓநாய்கள் எங்கெங்கே இருந்தன என்று
வரைபடம் போடுகிற விலங்கியல்காரி.
"உயிரோடு பார்த்தவன் எவனும் எழுதி வைக்கவில்லை,
கொன்றவன்தான் ஆற்றின் பெயரோடு எழுதியிருக்கிறான்"
என்றபடி
சீட்டுக்கு ஒரு புள்ளி வைப்பாள், சிவப்பில்.
கோடைக்குள் மாநிலம் முழுக்க அம்மை வார்த்துவிடும்.

நேற்று அவளுக்கு முன்னால் பிரித்தேன் இதை.
மார்ச், 1911. குட்ருன் த்வேய்ட். விதவை.
தோல் இரண்டு.
ஓரத்தில் மங்கிய பென்சில்:
"இரண்டாவது நாய் என்று நினைக்கிறேன்."
அதன் கீழே மை, அதே கை, அதே சாய்வு:
"ஓநாய் இரண்டு. முப்பது டாலர். வழங்கப்பட்டது."

எந்த நாய் என்று எழுதவில்லை.
அவள் வாசலில் குரைத்ததா,
மாவு தீர்ந்த வீட்டில்
தானும் ஒரு வாயாக இருந்ததா,
துப்பாக்கியோடு அவள் வெளியே வந்தபோது
வேட்டைக்கு என்று நினைத்து
முன்னால் ஓடியதா.
ஸ்ட்ராண்ட் கேட்டிருக்க மாட்டார்.
கேட்டிருந்தால் மைக்கு வந்திருக்காது.

ஒடெட்டின் சிவப்புப் பேனா
தாளுக்கு மேலேயே நின்றது.
மடிப்பில் ஒரு முடி ஒட்டியிருந்தது,
சாம்பல் நிறம், நகத்தளவு நீளம்.
"இதைச் சோதித்தால் தெரிந்துவிடும்" என்றாள்.
தெரிந்துவிடும்தான்.
ஒரு வாரத்தில், எந்தச் சந்தேகமும் இல்லாமல்.

காப்பகத்தை விட்டு எதுவும் வெளியே போகாது என்றேன்.
முடியுமா என்றாள்.
அதற்குத் தனி விண்ணப்பம் இருக்கிறது என்றேன்.
நின்றபடியே நிரப்பினாள்.
நோக்கம் என்ற இடத்தில் "உண்மை" என்று எழுதி,
அடித்துவிட்டு, "ஆய்வு" என்று எழுதினாள்.

அவள் போனபின் முடியைச் சின்ன உறையில் போட்டு
மேலே எழுதினேன்: முடி. ஒன்று.
விலங்கு என்ற கட்டத்தை
அப்படியே விட்டேன்.

விண்ணப்பத்தை என் கையால்தான் வாங்கினேன்.
இங்கே தட்டுகள் பதினோராயிரத்துச் சொச்சம்.
எதில் வைத்தேன் என்பது மட்டும்
இன்னும் நினைவுக்கு வரவில்லை.