மற்றவை

நீடாமங்கலத்தில் கேட் போட்டுவிட்டார்கள்.
நெல் ஏற்றிய நாற்பத்திரண்டு பெட்டிகள்.
ஒன்று விடாமல் எண்ணினேன்,
எண்ணுவதுதான் என் வேலை.
மன்னார்குடி மைதானத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது
முதல் கால்பகுதி முடிந்திருந்தது.

கையில் வேர்க்கடலைப் பொட்டலம்,
தலையில் துப்பட்டா,
யாரோ ஒரு பையனின் அத்தை போல
கோல் கம்பத்துக்குப் பின்னால், வெயில் பக்கமாக நின்றேன்.
பந்து தன்னிடம் இல்லாதபோது ஒருவன் என்ன செய்கிறான் என்பது
அங்கிருந்துதான் தெரியும்.

ஜூனியர் லீக் டிராஃப்டுக்கு இன்னும் பதினேழு நாள்.
நான் எழுதும் ஒரு பக்கத்தைச்
சென்னையில் குளிர் அறையில் ஒருவர்
நாற்பது நொடி படிப்பார்.
உயரம். எடை. முப்பது மீட்டர் ஓட்டம்.
பிடிவாதம், ஒன்று முதல் ஐந்து வரை.
கடைசியில் மற்றவை.
அதற்கு ஒன்றரை வரி இடம் விட்டிருக்கிறார்கள்.

ஏழாம் எண் கவிபாலன்.
வரும் வழியெல்லாம் இவனைப் பற்றித்தான் சொன்னார்கள்.
அடி பிரமாதம்.
அடித்ததும் கூட்டத்தைப் பார்க்கிறான்,
பந்து பறிபோனால் அம்பயரைப் பார்க்கிறான்.
பின்னால் ஓடி வருவது கிடையாது.
இரண்டாம் சுற்றில் போவான். நன்றாக இருக்கட்டும்.

கோல்கீப்பர் இஜாஸ், கூத்தாநல்லூர்.
ஒரு கால் பேட் நீலம், இன்னொன்று வெள்ளை.
வாய் ஓய்வதே இல்லை:
"டேய் இடது! சோத்தாங்கை இல்லடா, இந்தப் பக்கம்!"
சிரித்துவிட்டேன்.
தொடர்பு, ஐந்துக்கு ஐந்து.

நான்காம் எண், ம. நிதர்சன், எடமேலையூர்.
பத்து நிமிடம் அவனை நான் பார்க்கவே இல்லை.
அதுவே அவனைப் பற்றிய முதல் குறிப்பு.
பந்து வரப்போகும் இடத்துக்கு
பந்துக்கு முன்னால் போய்
பஸ்ஸுக்கு நிற்பவன் போல நிற்கிறான்.
மழை விட்டு ஒரு மாதமாகியும் ஊறிக் கிடக்கும் மண்,
கோரை முளைத்த மூலை,
எப்படித் துள்ளும் என்று பந்துக்கே தெரியாது.
அவன் மட்டையை லேசாகச் சாய்க்கிறான்,
வந்து ஒட்டிக்கொள்கிறது.

மூன்றாம் கால்பகுதியில்தான் கவனித்தேன்.
வலது காலை ஊன்றித் திரும்பவேண்டிய இடத்தில்
மூன்று சிறு அடி வைத்துச் சுற்றுகிறான்.
தண்ணீர் இடைவேளையில் உட்காரவில்லை.
உட்கார்ந்தால் எழுந்திருப்பதைப் பார்த்துவிடுவார்கள்.

அந்த மூன்று அடி எனக்குத் தெரியும்.
பத்தொன்பது வயதில், பெங்களூர் முகாமில்,
நானும் வைத்திருக்கிறேன்.
பார்த்துவிட்ட ஒருவர்
பார்த்ததை அப்படியே எழுதினார்.
இருபத்து மூன்று வருடமாக அந்த ஆளைத் திட்டுகிறேன்.
அன்றைக்கே நிறுத்தியதால்தான் இன்றைக்கு நடக்கிறீர்கள்
என்றார் போன வருடம் டாக்டர்.
சரி என்றேன்.
திட்டுவதை நிறுத்தவில்லை.

பஸ் ஸ்டாண்டு ஜூஸ் கடையில்
அவன் ஐந்து ரூபாய்க்கு ஐஸ் கட்டி கேட்டுக்கொண்டிருந்தான்.
"வீட்டுல விசேஷமா?" என்றேன்.
"ஆமாங்க, தங்கச்சிக்குப் பொறந்தநாள்."
பாலிதீன் பையை மட்டைப் பைக்குள் செருகினான்.
"நீங்க யாரோட அத்தை?"
"கோலியோட."
எனக்கொரு பொய், அவனுக்கொரு பொய்.
பேராவூரணி பஸ் வந்தது என்று சொல்லி
எதிர்ப் பக்கமாக நடந்தான்.
பை சொட்டிக்கொண்டே போனது.

திரும்பும்போதும் கேட்.
எஞ்சினை அணைத்துவிட்டு டிரைவர் இறங்கிப்போனார்.
மடியில் நான்காம் எண்ணின் தாள்.
எல்லாக் கட்டமும் நிரம்பிவிட்டது.
மற்றவை என்ற இடத்தில்
'மு' என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.
முட்டி என்று முடிக்கலாம்.
முன்னாலேயே போய் நிற்பவன் என்றும் முடிக்கலாம்.
இரண்டும் உண்மை.
ஒன்றரை வரியில் இரண்டும் அடங்கும்,
எதை முதலில் எழுதுவது என்பதுதான்.

கேட் திறக்க நேரம் இருக்கிறது.
இந்த ஊரில் அது எப்போதும் இருக்கும்.