ஒன்பதரை மில்லிமீட்டர்

ஆறு ஜிபிதான் மிச்சமென்று
ஒரு வாரமாகச் சிவப்புக் கோட்டைக் காட்டுகிறது லேப்டாப்.
எதை அழிக்கட்டும்?
மஞ்சள் நீராட்டு, காதுகுத்து,
வட்டச் செயலாளர் பிறந்தநாள்,
கேரம் போட்டி, கண்ணீர் அஞ்சலி.
ஒவ்வொன்றுக்குள்ளும் ஃபைனல், ஃபைனல் டூ,
இதான் ஃபைனல்,
அண்ணன் ஓகே சொன்னது.

பர்மா பஜாரில் கேடி கேட்டேன்.
டிவிடி டிரைவைப் பிடுங்கிவிட்டு
அந்தப் பொந்தில் இன்னொரு டிஸ்க்கைச் செருகும் தகர டப்பா.
"ஒம்போதரையா, பன்னெண்டே முக்காலாம்மா?"
வளையலுக்குக்கூட யாரும் என்னை
மில்லிமீட்டரில் கேட்டதில்லை.
பெரியதை வாங்கி வந்தேன், நுழையவில்லை.
மறுநாள் மகளின் ஸ்கேலால் அளந்து
திரும்பவும் பஸ் ஏறினேன்.

கொருக்குப்பேட்டை கேட் பக்கத்தில் என் கடை.
ராத்திரி ஷட்டரைப் பாதி இறக்கி
பேட்டரியைக் கழற்றினேன்.
உடம்பில் இருக்கும் கரண்டே போதும், சில்லு செத்துவிடும் என்றார்கள்.
ஷட்டர் கம்பியைத் தொட்டுக்கொண்டேன்,
விரலில் துரு ஒட்டியது.
ஒரே ஒரு திருகாணிதான் என்றான் வீடியோவில் அந்தப் பையன்.
எனக்கு ஒன்பது வந்தது.
முட்டை அட்டையில் குழிக்கொன்றாய் வைத்தேன்.
கூட்ஸ் வண்டி போனது.
அறுபது பெட்டியும் போய் முடியும்வரை
ஒன்பதும் குழியில் நடுங்கின.

டிவிடி டிரைவ் பல் மாதிரி கையோடு வந்தது.
முகப்புப் பட்டையைப் புதியதற்கு மாற்ற வேண்டும்,
ஓட்டையில் சேஃப்டி பின்னைக் குத்தினேன்.
வாய் திறந்தது. உள்ளே ஒரு தட்டு.
மார்க்கரில், பெண் கையெழுத்து மாதிரி:
பாகம் 2.
பெயரில்லை. தேதியில்லை.
செகண்ட் ஹேண்டில் வாங்கிய லேப்டாப்,
நாலு வருடமாக இதையும் சேர்த்துத்தான் சுமந்திருக்கிறேன்.
போட்டுப் பார்க்க என்னிடம் இருந்தது ஒரே ஒரு டிரைவ்,
அது இப்போது என் கையில்.

அப்போதுதான் முனிரத்தினத்தின் போன்.
"பிலோமினாக்கா, எங்கப்பா பூட்டாரு.
பதினோரு மணிக்கு எட்த்துருவோம்.
விடியறதுக்குள்ள ஒட்டிரணும்க்கா."
படம் வந்தது. ரேஷன் அட்டையைப் போனில் எடுத்த படம்.
நெற்றியில் ட்யூப் லைட்.

கை பறந்தது.
எட்டுத் திருகாணி ஏறியது,
ஒன்பதாவதற்கு ஓட்டையைக் காணோம்.
ஆன் செய்தால்
சி இருக்கிறது, டி இருக்கிறது, புதியதைக் காணோம்.
இரண்டாயிரத்து எழுநூறு ரூபாய்.
மாதாவே என்று வாய்விட்டே சொன்னேன்.
டிஸ்க் மேனேஜ்மெண்ட்டைத் திறந்தேன்.
அடியில் கறுப்பாக நீளமாக ஒரு பட்டை,
ஒதுக்கீடு செய்யப்படாதது.

எங்கள் வீட்டுக்கு வாரியத்தில் ஒதுக்கீடு வர
ஒன்பது வருடம் ஆனது, மூன்று கவுன்சிலர்.
இங்கே வலது பக்கம் ஒரு அழுத்து.
எந்த எழுத்து வேண்டும் என்று கேட்டது.
டிவிடி காலி செய்துபோன ஈ-யையே கொடுத்தேன்.
நானூற்றெண்பது என்று விற்றது
நானூற்று நாற்பத்தேழு காட்டுகிறது.
ரேஷன் கடை எடை.

பிறகு டி-யில் தேடினேன்.
போன வாரம் அழிக்கப் பார்த்து, மனசு வராமல் விட்ட
கௌசல்யா காதுகுத்து.
இரண்டாவது வரிசையில் கன்னியப்பன்,
ஹார்பர் கிரேன் ஓட்டியவர்,
வெற்றிலை வாயோடு சிரிக்கிறார்.
வெட்டி எடுத்தேன்.
தோளில் பேத்தியின் நாலு விரல் தங்கிவிட்டது.
அழிக்க மூன்று நிமிடம் போதும்.
மாலையைக் கொஞ்சம் கீழே இறக்கி
விரல்களின் மேல் போட்டேன்.
அடியில் அவை இருக்கின்றன,
அந்த லேயர் எனக்கு மட்டும் தெரியும்.

நானூற்று நாற்பத்தேழு ஜிபி வெறும் வீட்டில்
முதலில் குடிவந்தவர் அவர்.
ஃபைனல் என்று பெயர் அடித்தேன்.
இதற்கு ஃபைனல் டூ கேட்க மாட்டார்கள்.

ராயபுரம் பிரஸ்ஸுக்கு அனுப்பும்போது மணி மூன்று.
மேசையில் ஒரு திருகாணி, ஒரு தட்டு.
ஆறு மணிக்குக் கேட் போடுவார்கள்,
பைக்கை அணைத்துவிட்டு ஐம்பது பேராவது நிற்பார்கள்.
கேட்டுப் பார்க்கலாம்:
ஏங்க, உங்க வீட்ல
பாகம் ஒண்ணு இருக்குதா?