இடக்கை கீழே

இரண்டரை அடி.
என் சேலையின் அகலம்கூட இல்லை.
இந்தத் தூரத்தில் எத்தனை முறை தவறவிட்டேன் என்று
எனக்குத் தெரியாது. போஜனுக்குத் தெரியும்.
பையைச் சுமப்பவருக்கு எல்லாம் நினைவிருக்கும்,
கேட்டால் மட்டும் கற்பூர மரத்தைப் பார்ப்பார்.

கர்னல் பெல்லியப்பா பார்க்க மாட்டார், சொல்லிவிடுவார்:
"பயம் டாக்டர். வெறும் பயம்."

பயமா?
குன்னூர் ஆஸ்பத்திரியில் காலை எட்டு மணிக்கு
வலியில் நெளிகிற பெண்ணை
"குனிஞ்சு உக்காரும்மா, பூனை மாதிரி" என்று சொல்லி
இரண்டு எலும்புக்கு நடுவே
ஊசி இறக்குகிற கை இது.
இருபத்து மூன்று வருடம்.
அங்கே ஒருநாளும் நடுங்கியதில்லை.
இங்கே, வெலிங்டனில், ஞாயிற்றுக்கிழமை,
யாருடைய உயிரும் போகாத இந்தப் புல்லில்
பந்தைத் தொடும் கணம் பார்த்து
வலது மணிக்கட்டு ஒரு வெட்டு வெட்டுகிறது,
தூக்கத்தில் படி தவறியவளைப் போல.

பிடியை மாற்றிப் பார்த்தேன்.
பேனா பிடிப்பதுபோல் ஒன்று:
பந்து என் கையெழுத்தைப் போலவே போனது,
மருந்துக்கடைக்காரருக்கும் புரியாமல்.
நண்டுக் கொடுக்குபோல் ஒன்று:
கர்னலின் மீசை மட்டும் அசைந்தது.
கண்ணை மூடிக்கொண்டு ஒன்று.
அது விழுந்தது.
அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

இன்று ஆறாவது குழியில்
காட்டெருமை வந்து நின்றது.
கொடிக்குப் பக்கத்தில், காலுறை போட்ட கால்களோடு,
இடம் அதனுடையது என்பதில் சந்தேகமே இல்லாமல்.
இருபது நிமிடம் காத்திருந்தோம்.
கர்னல் கடிகாரத்தைப் பார்த்தார், வர்க்கி தின்றார்,
மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார்.
நான் சும்மா நிற்க முடியாமல்
பட்டரை எடுத்து
வலக்கையை மேலே ஏற்றினேன்,
இடக்கையைக் கீழே இறக்கினேன்.

செருப்பை மாற்றிப் போட்டதுபோல் இருந்தது.
பீச்சாங்கை.
இதனால் யாருக்கும் காசு கொடுத்ததில்லை,
கடையில் நீட்டினால் "நல்ல கையில குடும்மா."
ஆறு வயதில் இதில் சோற்றை அள்ளியதற்கு
விழுந்த அடி புறங்கையில்தான் விழுந்தது.
அப்புறம் அது வாயே திறக்கவில்லை.

அப்போதுதான் நினைத்துப் பார்த்தேன்:
முதுகில் அந்த இடுக்கைத் தேடுவது எது?
இடது கட்டைவிரல்.
ஒவ்வொரு எலும்பாகத் தடவி, இறங்கி,
இங்கே, என்று நிற்பது அதுதான்.
வலது வந்து குத்தும்.
பேர் வலதுக்கு.

எருமை போனது. ஆறில் ஆறு அடித்தேன்,
அதைப் பற்றிப் பேச வேண்டாம்.

ஏழாவது.
இரண்டரை அடி, இடப்பக்கம் லேசான சரிவு.
கீழே தேயிலைக்குள்ளிருந்து மேகம் ஏறிக்கொண்டிருந்தது,
குழி இருக்கிறது, இல்லை, இருக்கிறது.
இடது கட்டைவிரலைக் கம்பியில் வைத்தேன்.
வலதிடம் சொன்னேன்: நீ கூட வா, போதும்.

வெட்டு வரவில்லை.
வரும் வரும் என்று பார்த்திருந்தேன், வரவில்லை.
பந்து பனியில் ஒரு கோடு கிழித்துக்கொண்டு
நான் நினைத்த வழியிலேயே போய்
குழியின் உதட்டைச் சுற்றி வந்து
வெளியே உட்கார்ந்தது.

சரிவை நான் தப்பாகப் படித்திருக்கிறேன்.
வெறும் தப்பு. எல்லோரும் செய்கிற தப்பு.
ஒரு வருடமாக எனக்குக் கிடைக்காமல் இருந்த தப்பு.

"பன்னெண்டு" என்றார் போஜன்.

நான் திரும்பிப் பார்த்தேன்.
"இந்த மாசம் மட்டும்" என்றார்.

சிரிப்பு வந்துவிட்டது, அவருக்கும்.
டீ ஃபிளாஸ்கை எடுத்து நீட்டினேன்.
நீட்டிய பிறகுதான் எந்தக் கை என்று பார்த்தேன்,
அவரும் பார்த்தார்.
வாங்கிக்கொண்டார்.

கர்னல் முன்னால் போய்விட்டார்,
எட்டாவது குழி எங்கே என்று
மேகத்துக்குள்ளிருந்து கத்திக்கொண்டிருந்தார்.